ஒரே தட்டின் இரண்டு பக்கம்: மெம்ஃபிஸின் சன் ரெக்கார்ட்ஸ்

1954 ஜூலை மாதம் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலிருந்து ஒரு இசைத்தட்டு வெளிவந்தது. எண் 209. நடுவில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தில் சூரியக் கதிர்கள், அவற்றுக்கு முன்னால் ஒரு சேவல். பாடியவர் எல்விஸ் பிரெஸ்லி. அப்போது அவருக்கு வயது 19, ஒரு எலக்ட்ரிக்கல் கம்பெனியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தட்டின் ஒரு பக்கத்தில் 'தட்ஸ் ஆல் ரைட்': மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பினப் பாடகர் ஆர்தர் கிரடப்பின் புளூஸ் பாட்டு. திருப்பிப் போட்டால் 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி': வெள்ளையர்களின் கன்ட்ரி இசையில் பெரிய மரியாதை பெற்றிருந்த பில் மன்ரோவின் பாட்டு.

ராக் அண்ட் ரோல் எந்த ஊரில், எந்தத் தட்டில் பிறந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அது தீரவும் தீராது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இந்த ஒரு தட்டின் இரண்டு பக்கங்கள்தான். இவை இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி ஒரே விலைக்கு விற்கப்பட்டது ஏன் அவ்வளவு பெரிய காரியம், அதை ஒரு சின்னக் கம்பெனியால் மட்டும் எப்படிச் செய்ய முடிந்தது, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையெல்லாம் பார்த்தால் சன் ரெக்கார்ட்ஸின் கதை முழுவதும் கைக்கு வந்துவிடும்.

அந்தக் காலத்து அமெரிக்க இசைத்தட்டு வியாபாரம் தோலின் நிறம் பார்த்து நடந்த வியாபாரம். கறுப்பர்கள் பாடிய தட்டுகளுக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனிப் பெயர், தனிப் பட்டியல். 'பில்போர்டு' பத்திரிகை 1949-இல்தான் அந்தப் பட்டியலின் பெயரை 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றியது. தென்மாநில ஏழை வெள்ளையர்களின் பாட்டை 'ஹில்பில்லி' என்று இளக்காரமாகச் சொல்வார்கள். அதற்கும் அதே வருடம்தான் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்ற கௌரவமான பெயர் வந்தது. கடையில் தனி அடுக்கு, ரேடியோவில் தனி நிகழ்ச்சி. ஊரிலும் அப்படித்தான்: பள்ளிக்கூடம், பஸ் இருக்கை, குடிநீர்க் குழாய் எல்லாமே இரண்டிரண்டு. பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1954 மே 17-இல். எல்விஸ் கிரடப்பின் பாட்டைப் பாடிப் பதிவு செய்தது சரியாக ஏழு வாரம் கழித்து, ஜூலை 5-ஆம் தேதி இரவில்.

ரேடியோ அலைக்கு மட்டும் இந்த வேலி தெரியவில்லை. மெம்ஃபிஸில் டபிள்யூ.டி.ஐ.ஏ. என்ற நிலையம் 1948-இல் கறுப்பின நேயர்களுக்கான நிகழ்ச்சிகளைத் தொடங்கி, சீக்கிரத்திலேயே நாள் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டது. பி.பி. கிங்கும் ரூஃபஸ் தாமஸும் அங்கே அறிவிப்பாளர்களாக இருந்தவர்கள். வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளைகள் அறைக்குள் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அதைக் கேட்டார்கள். வயலிலும் வேலி முழுசாக இல்லை. கார்ல் பெர்கின்ஸ் வெள்ளைக்கார வாரக்குடிக் குடும்பத்துப் பையன். அவருக்கு கிட்டார் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர், அதே வயலில் பருத்தி எடுத்த ஒரு கறுப்பின முதியவர். கன்ட்ரி இசையின் மாபெரும் பாடகரான ஹாங்க் வில்லியம்ஸும் சிறுவயதில் ஒரு கறுப்பினத் தெருப்பாடகரிடம் கற்றவர்தான். ஆக, புளூஸையும் கன்ட்ரியையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கலக்கவில்லை. பருத்திக்காட்டிலும் சமையலறை ரேடியோவிலும் அவை ஏற்கெனவே கலந்துகிடந்தன. அந்தக் கலவையை மறைக்காமல் தட்டில் ஏற்றியதுதான் சன் செய்த வேலை.

இரண்டு இசைக்கும் உள்ள வேறுபாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புளூஸ் பாட்டின் வழக்கமான அமைப்பு மூன்று அடி. முதல் அடியைச் சொல்வார்கள், அதையே இன்னொரு முறை சொல்வார்கள், மூன்றாவது அடியில் அதற்குப் பதில் வரும். குரல் ஓய்கிற இடத்தில் கிட்டார் பேசும். சுரங்கள் நேராக நிற்காமல் சற்றே வளைந்து இறங்கும். அந்த வளைவில்தான் வலி இருக்கிறது. கன்ட்ரி பாட்டில் கதை முன்னால் நிற்கும். வீட்டை விட்டுப் போனவன், ரயில், சிறை, குடி, அம்மா என்று ஒரு வாழ்க்கை நேர்கோட்டில் விரியும். பிடிலும் ஸ்டீல் கிட்டாரும் துணைக்கு வரும். தாளம் நிதானமாக நடக்கும். இரண்டுக்கும் அடியில் ஓடியது ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாட்டு. அது இரு தரப்புக்கும் பொது. இதைக் கேட்கத் தெரிந்த காது ஒன்று வேண்டியிருந்தது.

அந்தக் காது சாம் ஃபிலிப்ஸுடையது. 1923-இல் அலபாமாவில் ஃபுளோரன்ஸ் ஊரின் பக்கம் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. சின்ன வயதில் கறுப்பினக் கூலியாட்களோடு பருத்தி எடுத்தவர். அவர்கள் வேலை செய்துகொண்டே பாடியதைக் கேட்டது கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. வக்கீலாக வேண்டும் என்று ஆசை. குடும்பக் கஷ்டத்தில் படிப்பு நின்றது, ரேடியோ வேலைக்குப் போனார். 1945-இல் மெம்ஃபிஸ் வந்து டபிள்யூ.ஆர்.இ.சி. நிலையத்தில் சேர்ந்தார். பீபாடி ஓட்டலின் மேல்மாடியில் வாசித்த பெரிய நடன இசைக்குழுக்களை ஒலிபரப்புவது அங்கே அவர் பார்த்த வேலைகளில் ஒன்று. சம்பளம் பரவாயில்லை, ஆனால் அந்த இசை அவருக்குச் சலித்துப்போனது. நேற்று வாசித்ததையே இன்றும் ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார்கள். பிசகே இல்லாத இசையில் ஆள் எங்கே இருக்கிறான் என்பதுதான் அவருடைய கேள்வி.

1950 ஜனவரியில் யூனியன் அவென்யூ 706 என்ற முகவரியில், தெருவோரத்துச் சின்னக் கட்டடம் ஒன்றை மாதம் 150 டாலர் வாடகைக்கு எடுத்து 'மெம்ஃபிஸ் ரெக்கார்டிங் சர்வீஸ்' என்று பலகை மாட்டினார். பதிவு அறை ஏறத்தாழ 18 அடி அகலம், 30 அடி நீளம். சுவரிலும் கூரையிலும் ஒலி உறிஞ்சும் அட்டைகளைத் தானே ஒட்டினார். எதையும், எங்கேயும், எப்போது வேண்டுமானாலும் பதிவு செய்து தருவோம் என்பது விளம்பர வாசகம். உண்மையிலேயே அப்படித்தான் பிழைப்பு ஓடியது: கல்யாணம், சாவுச் சடங்கு, மேடைப்பேச்சு, காசு கொடுத்துத் தன் குரலைத் தானே கேட்க வந்தவர்கள். ரேடியோவில் பிரபலமாக இருந்த மேரியன் கைஸ்கர் அலுவலகம் முழுவதையும் கவனித்துக்கொண்டார். கணக்கு, கடிதம், வாசலில் வந்து நிற்பவர்களிடம் பேசுவது எல்லாம் அவர்தான். சன் வரலாற்றில் அவர் பெயருக்கு இன்னும் கொஞ்சம் பெரிய இடம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

கல்யாணப் பதிவெல்லாம் வாடகை கட்டத்தான். சாம் உண்மையில் தேடியது, பீல் தெருவிலும் மிசிசிப்பி டெல்டாவிலும் பாடிக்கொண்டிருந்த, பதிவு செய்ய ஓர் இடமில்லாத கறுப்பினக் கலைஞர்களை. தெற்கில் அவர்களுக்குக் கதவு திறந்து வைத்த ஸ்டுடியோக்கள் மிகக் குறைவு. பதிவு செய்த டேப்பை லாஸ் ஏஞ்சலீஸின் பிஹாரி சகோதரர்களுக்கும் சிகாகோவின் செஸ் நிறுவனத்துக்கும் சாம் கொடுத்தார். அவர்கள் தட்டாக்கி விற்றார்கள்.

1951 மார்ச்சில் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலிலிருந்து ஒரு குழு காரில் கிளம்பி வந்தது. தலைவர் 19 வயது ஐக் டர்னர். வழியில் கிட்டாரின் ஆம்ப்ளிஃபையர் அடிபட்டு, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்துவிட்டது. வாசித்தால் 'கரகர' என்று இரைச்சல். வேறு ஸ்டுடியோவாக இருந்தால் சரிசெய்துகொண்டு வா என்று அனுப்பியிருப்பார்கள். சாம் ஒரு காகிதத்தைக் கசக்கி அந்தக் கிழிசலுக்குள் திணித்தார். இரைச்சல் போகவில்லை, உருண்டு திரண்டு இன்னொரு சாக்ஸபோன் மாதிரி ஆயிற்று. அதை ஒளிக்காமல் முன்னாலேயே வைத்துப் பதிவு செய்தார். அந்தப் பாட்டு 'ராக்கெட் 88', அப்போதைய ஓல்ட்ஸ்மொபீல் கார் ஒன்றின் பெயர். பாடியவர் ஜாக்கி பிரென்ஸ்டன் என்பதால் தட்டில் அவர் பெயர்தான் வந்தது. செஸ் வெளியிட்டது, ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம் போனது. இன்று கிட்டார் ஒலியை வேண்டுமென்றே கிழித்துக் கரகரப்பாக்க ஒரு பெட்டியைக் காலால் மிதிக்கிறார்களே, அந்த ஆசையின் ஆரம்ப காலத்து அடையாளங்களில் ஒன்று இந்தக் காகித உருண்டை.

அதே வருடம் ஹவ்லின் வுல்ஃப் வந்தார். இயற்பெயர் செஸ்டர் பர்னெட். மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையில், மேற்கு மெம்ஃபிஸின் ரேடியோவில் பாடிக்கொண்டிருந்தவர். நாற்பது வயது தாண்டிய, மலை மாதிரி ஆள். அந்தக் குரலைக் கேட்டதும் மனித ஆன்மா சாகாமல் இருக்கும் இடம் இதுதான் என்று தனக்குத் தோன்றியதாக சாம் பின்னாளில் சொல்வார். டேப்புகள் செஸ்ஸுக்கும் பிஹாரிகளுக்கும் போயின, இருவரும் அவர் எனக்குத்தான் என்று இழுத்தார்கள், கடைசியில் வுல்ஃப் சிகாகோவுக்கே குடிபோய்விட்டார். எல்விஸை விட்டதற்கு வருத்தமில்லையா என்று உலகமே சாமைக் கேட்டது. அவர் வாழ்நாள் முழுக்க வருந்திச் சொன்னது வுல்ஃபை இழந்ததைப் பற்றித்தான்.

பிறருக்குப் பதிவு செய்து கொடுத்தால் ஆள் வளர்ந்ததும் போய்விடுவார், காசும் நிற்காது. சரி, நாமே வெளியிடுவோம் என்று 1952-இல் தொடங்கியதுதான் சன். முதல் கவனிக்கத்தக்க வெற்றி 1953-இல் வந்த ரூஃபஸ் தாமஸின் 'பேர் கேட்'. அது பிக் மாமா தோர்ன்டன் பாடிய 'ஹவுண்ட் டாக்' பாட்டுக்கு எதிர்ப்பாட்டு. மெட்டு அதேதான் என்று வழக்குப் போட்டார்கள், சாம் தோற்றார், பணம் கட்டினார்.

சின்ன இசைத்தட்டுக் கம்பெனியின் கணக்கு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது. பாட்டு ஓடாவிட்டால் நஷ்டம், அது தெரியும். ஓடினாலும் ஆபத்துதான். தட்டு அச்சடிக்கும் ஆலைக்கு உடனே பணம் தர வேண்டும். ஊர் ஊராக விநியோகம் செய்பவர் மாதக்கணக்கில் இழுத்தடித்துத்தான் தருவார். விற்காததைத் திருப்பி அனுப்புவார். ஒரு பாட்டு திடீரென்று பத்து மாநிலத்தில் கேட்கப்பட்டால், அந்தப் பத்து மாநிலத்துக்கும் தட்டு அடிக்கக் கடன் வாங்க வேண்டும். வெற்றியே கழுத்தைப் பிடிக்கும். சாம் எடுத்த பல முடிவுகளுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

1953 ஜூனில் நாஷ்வில்லின் மாநிலச் சிறையிலிருந்து ஐந்து கைதிகளைக் காவலோடு அழைத்து வந்து சாம் பதிவு செய்தார். 'பிரிசனேர்ஸ்' என்று பெயர், பாட்டு 'ஜஸ்ட் வாக்கிங் இன் த ரெயின்'. அடுத்த மாதம் மெம்ஃபிஸ் நாளிதழில் இதைப் பற்றிப் பெரிய செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் எல்விஸ் 706-ஐத் தேடி வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எப்படியோ, அந்தக் கோடையில் ஏறத்தாழ நான்கு டாலர் கொடுத்து, தனக்கென்று ஒரே ஒரு தட்டில் இரண்டு சோகப் பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்துகொண்டு போனார். நீ யார் மாதிரிப் பாடுவாய் என்று கைஸ்கர் கேட்டாராம். நான் யார் மாதிரியும் பாடுவதில்லை என்று பையன் சொன்னானாம். நல்ல பாடகர், மறக்கக் கூடாது என்கிற பொருளில் கைஸ்கர் ஒரு குறிப்பு எழுதி வைத்தார்.

ஒரு வருடம் கழித்து சாம் கூப்பிட்டார். கிட்டாருக்கு ஸ்காட்டி மூர், டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்துக்கு பில் பிளாக். டிரம்ஸ் இல்லை. 1954 ஜூலை 5 இரவு மெதுவான பாட்டுகளை மாற்றி மாற்றி முயன்றார்கள். ஒன்றும் தேறவில்லை. ஓய்வுக்கு நிறுத்தியபோது எல்விஸ் பதற்றத்தைப் போக்கிக்கொள்ள கிட்டாரை வேகமாக அடித்துக்கொண்டு கிரடப்பின் பழைய பாட்டைக் கத்திப் பாடித் துள்ள ஆரம்பித்தார். பிளாக் பேஸைத் தட்டிக்கொண்டு சேர்ந்தார், மூரும் சேர்ந்தார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து சாம் தலையை நீட்டி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்றார்கள். தொடங்க ஒரு இடம் பார்த்து மறுபடி வாசியுங்கள் என்றார் சாம்.

மேதைமை என்றால் என்ன என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். அவர் ஒரு சுரம்கூட எழுதவில்லை. வாத்தியக்காரர்கள் விளையாட்டு என்று நினைத்ததில் விஷயம் இருக்கிறது என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான். புளூஸைத் தேடித் தேடிப் பதிவு செய்த நான்கு வருடப் பழக்கம் இல்லாவிட்டால் அந்தக் கதவிலிருந்து அவர் தலை நீண்டிருக்காது.

கிரடப் 1946-இல் பதிவு செய்ததையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கிரடப்பின் குரல் தரையில் ஊன்றி நிற்கிறது, பின்னால் டிரம்ஸ் இருக்கிறது. எல்விஸின் பதிவில் பாரமே இல்லை. பேஸின் தந்தியை இழுத்து விட்டு, அது கட்டையில் அறைகிற 'சடக் சடக்' சத்தம்தான் டிரம்ஸின் வேலையைச் செய்கிறது. அது கன்ட்ரி குழுக்களின் பழக்கம். மூரின் கிட்டாரில் கன்ட்ரி விரல்வாசிப்பும் இருக்கிறது, புளூஸின் வளைவும் இருக்கிறது. குரல் இரண்டுக்கும் நடுவில் ஓடிவிளையாடுகிறது.

அப்புறம் அந்த எதிரொலி. சன் ஒலி என்றாலே அதுதான் நினைவுக்கு வரும். ரகசியம் எளிமையானது. டேப் ரெக்கார்டரில் ஒலியைப் பதிகிற தலை ஒன்று, பதிந்ததைப் படிக்கிற தலை அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொன்று. டேப் முதல் தலையைத் தாண்டி இரண்டாவதை அடைய ஒரு கண்சிமிட்டும் நேரம் ஆகிறது. சாமிடம் இரண்டு ஆம்பெக்ஸ் இயந்திரங்கள் இருந்தன. ஒன்றில் பாட்டு பதிவாகும்போதே, இன்னொன்றில் அந்தச் சிறு தாமதத்தோடு திரும்பி வரும் ஒலியைக் கொஞ்சமாகக் கலந்துவிட்டார். குகைக்குள் பாடுகிற மாதிரி நீண்டு தேயும் எதிரொலி இல்லை இது. ஒரே ஒரு அடி, சுவரில் பட்டுத் திரும்பிய பந்து மாதிரி. மூன்றே பேர் வாசித்தது ஆறு பேர் வாசித்தது போல் கேட்டது. பெரிய கம்பெனிகள் எதிரொலிக்குத் தனி அறையே கட்டி வைத்திருந்தன. இங்கே அதற்கு இடமும் இல்லை, பணமும் இல்லை.

தட்டுக்கு மறுபக்கம் வேண்டுமே. பில் மன்ரோவின் பாட்டு மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் மெதுவாகப் போகும் வால்ட்ஸ், 1946-இல் பதிவானது. மறுபடியும் பில் பிளாக் வேடிக்கையாக ஆரம்பித்தார், பாட்டு நான்கு எண்ணிக்கைத் தாளத்துக்கு மாறித் தாவியது. இது வேறு மாதிரி இருக்கிறது, கிட்டத்தட்ட பாப் பாட்டே ஆகிவிட்டது என்று சாம் சந்தோஷமாகச் சொல்வது அன்றைய டேப்பிலேயே இருக்கிறது. புளூஸ் பாட்டுக்குக் கன்ட்ரிக் கால், கன்ட்ரி பாட்டுக்குப் புளூஸ் உடம்பு. மன்ரோ இதற்குக் கோபித்துக்கொள்வார் என்று எல்லோரும் பயந்தார்கள். அவர் அதே வருடம் தன் பாட்டை மறுபடி பதிவு செய்தார்: வால்ட்ஸாகத் தொடங்கி, நடுவில் இந்தப் பையன்களின் வேகத்துக்கே மாறிவிட்டார்.

சில நாள்களில் டூயி ஃபிலிப்ஸ் தன் இரவு ரேடியோ நிகழ்ச்சியில் கிரடப் பாட்டைப் போட்டார். இவர் சாமுக்கு உறவில்லை, நண்பர். நேயர்கள் மறுபடி மறுபடி கேட்டார்கள், அவரும் போட்டுக்கொண்டே இருந்தார். எல்விஸை ஸ்டுடியோவுக்கு வரவழைத்துப் பேசும்போது எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டார். ஹ்யூம்ஸ் பள்ளி என்றார் எல்விஸ். அது வெள்ளையர் பள்ளி. கறுப்பர் பாடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்த ஊருக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

எல்விஸ் சன்னில் வெளியிட்டது மொத்தம் ஐந்து தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கறுப்பர்களின் பாட்டு, மறுபக்கம் பெரும்பாலும் கன்ட்ரி. இந்தச் சூத்திரத்தை சாம் விடவேயில்லை. 1955 நவம்பரில் ஆர்.சி.ஏ. விக்டர் என்ற பெரிய கம்பெனி எல்விஸின் ஒப்பந்தத்தை விலைக்கு வாங்கியது. சாமுக்கு 35,000 டாலர், எல்விஸுக்கு சாம் தர வேண்டியிருந்த ராயல்டிக்காக 5,000. இன்றைக்கு அடிமாட்டு விலையாகத் தெரியும். அன்று ஒரு புதிய பாடகருக்கு யாரும் கொடுத்திராத தொகை. சாம் கடனில் இருந்தார், அந்தப் பணம் கம்பெனியைக் காப்பாற்றியது. அதை வைத்து அடுத்த ஆட்களைத் தூக்கிவிட்டார்.

அடுத்தவர் கார்ல் பெர்கின்ஸ். 1955 டிசம்பரில் பதிவான 'புளூ ஸ்வேட் ஷூஸ்' சன்னின் முதல் பத்து லட்சம் விற்பனை. உருளைக்கிழங்குப் பையின் மேல் எழுதிய பாட்டு அது. முக்கியமான விஷயம், பாப், கன்ட்ரி, ரிதம் அண்ட் புளூஸ் என்று மூன்று பட்டியல்களிலும் அது ஏறியது. கடைக்காரர்களுக்கு அந்தத் தட்டை எந்த அடுக்கில் வைப்பது என்றே தெரியாத நிலை. உச்சத்தில் இருந்தபோது, 1956 மார்ச்சில், நியூயார்க் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் கார் விபத்தில் படுத்துவிட்டார். ஜானி கேஷ் பக்திப் பாட்டு பாட வாய்ப்புக் கேட்டு வந்தவர். அவர் குழுவிலும் டிரம்ஸ் இல்லை, அதனால் கிட்டார் தந்திகளுக்கு இடையில் காகிதத்தைச் செருகி டிரம்ஸ் போலத் தட்டும் ஓசை எழுப்பினார். மறுபடியும் காகிதம்! லூயிசியானாவிலிருந்து ஜெர்ரி லீ லூயிஸ் பியானோவோடு வந்து 1957-இல் நாட்டையே உலுக்கினார். 13 வயது உறவுக்காரப் பெண்ணை அவர் மணந்திருந்தது அடுத்த வருடம் இங்கிலாந்தில் வெளியே தெரிந்து, அந்தப் புகழ் சரிந்தது. ராய் ஆர்பிசன் வந்தார், போனார்.

1956 டிசம்பர் 4 பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். பெர்கின்ஸின் பதிவு நடந்துகொண்டிருந்தது, பியானோவில் ஜெர்ரி லீ. எல்விஸ் சும்மா பார்க்க வந்தார், கேஷும் வந்து சேர்ந்தார். டேப் ஓடவிட்டார்கள். அன்று அவர்கள் பாடியவற்றில் பெரும்பகுதி தேவாலயப் பாட்டுகள்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அடுத்த அடி எல்லோர் வாயிலும் வருகிறது. நடுவில் எல்விஸ் ஒரு கதை சொல்கிறார்: லாஸ் வேகாஸில் ஒரு கறுப்பினக் குழுவின் பாடகர் தன்னுடைய பாட்டையே தன்னைவிட அருமையாகப் பாடினார் என்று வியந்து, அவர் பாடிய விதத்தைப் பாடிக் காட்டுகிறார். அந்தப் பாடகர் ஜாக்கி வில்சன். கறுப்பர்களிடம் கேட்டுக் கற்றவர், தன் பாட்டைக் கறுப்பர் பாடக் கேட்டு மறுபடி கற்றுக்கொள்கிறார்.

இதோடு நிறுத்தினால் கதை இனிப்பாக முடிந்துவிடும். ஆனால் அது நியாயமாகாது. எல்விஸுக்குப் பிறகு சன் கறுப்பினக் கலைஞர்களை வெளியிடுவது அநேகமாக நின்றேபோனது. கம்பெனிக்கு முதல் வெற்றி தேடித்தந்த ரூஃபஸ் தாமஸ், வெள்ளைக்காரப் பையன்கள் வந்ததும் எங்களை விட்டுவிட்டார்கள் என்று கடைசிவரை வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கு ஸ்டாக்ஸ் என்ற இன்னொரு மெம்ஃபிஸ் கம்பெனியில்தான் மறுவாழ்வு கிடைத்தது. கறுப்பர்களின் ஒலியும் உணர்வும் உள்ள ஒரு வெள்ளையர் கிடைத்தால் பெரும்பணம் பார்க்கலாம் என்று சாம் சொல்வார் என கைஸ்கர் நினைவுகூர்ந்ததுண்டு. பணத்தை நினைத்துத் தான் அப்படிச் சொல்லவில்லை என்று சாம் மறுத்தார். நான் சாமை நம்புகிறேன். கறுப்பினக் கலைஞர்களோடு பழகுவதைச் சொல்லிச் சக ஊழியர்கள் கேலி பேசிய ரேடியோ வேலையை 1951-இல் விட்டு வந்தவர் அவர். ஆனால் அவருடைய நல்ல மனது ரூஃபஸ் தாமஸுக்கு ஒரு தட்டுகூடக் கூடுதலாகப் போட்டுத் தரவில்லை. இரண்டும் உண்மை. ஆர்தர் கிரடப் நிலை இன்னும் மோசம். அவர் பாட்டை முதலில் வெளியிட்டதும் ஆர்.சி.ஏ. விக்டர்தான், எல்விஸை வாங்கியதும் அதே நிறுவனம்தான். அப்படியிருந்தும் பாட்டுக்கு உரிய ராயல்டி அவர் கைக்கு வந்து சேராமலே 1974-இல் இறந்துபோனார். பண்ணைக் கூலி வேலை பார்த்துத்தான் பிழைத்தார்.

சாம் 1969-இல் கம்பெனியை விற்றுவிட்டார். அதற்கு வெகு காலம் முன்பே, 1960-இல், ஸ்டுடியோவை மேடிசன் அவென்யூவில் பெரிய கட்டடத்துக்கு மாற்றியிருந்தார். அங்கே அந்தப் பழைய ஒலி வரவில்லை. 2003 ஜூலை 30-இல் அவர் இறந்தார். மறுநாள் பழைய 706 கட்டடம் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது.

சன்னைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பாட்டுதான் கேட்க நேரமிருக்கிறது என்றால் 'மிஸ்டரி டிரெயின்' கேளுங்கள். ஆனால் இரண்டு முறை. முதலில் 1953-இல் ஜூனியர் பார்க்கர் பாடியது. கறுப்பினக் குழு, பாரம் இழுக்கும் ரயில் போல மெதுவாக உருள்கிறது. அந்த ரயிலுக்குப் பதினாறு பெட்டி என்று வரும் அடி, கார்ட்டர் குடும்பம் என்ற வெள்ளையர் குழு 1930-இல் பதிவு செய்த பழைய பாட்டிலும் இருக்கிறது. அந்தக் கார்ட்டர் குடும்பத்தின் தலைவரோ லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞரைக் கூட்டிக்கொண்டு மலைக்கிராமங்களில் பாட்டுச் சேகரித்தவர். அந்தப் பெட்டிகளை முதலில் யார் எண்ணினார்கள் என்று பின்னோக்கிப் போனால் நிறம் பிரிக்கவே முடியாது.

பிறகு 1955 ஜூலையில் எல்விஸ் பாடியது. அதே அறை, டேப் பக்கத்தில் அதே சாம். பாட்டு பார்க்கருடையது. ஆனால் ஸ்காட்டி மூர் வாசிக்கும் அந்தத் துள்ளும் கிட்டார் வரி அந்தப் பாட்டிலிருந்து வந்ததில்லை. பார்க்கரின் தட்டைத் திருப்பிப் போட்டால் மறுபக்கத்தில் 'லவ் மை பேபி' என்று ஒரு பாட்டு இருக்கிறது, அதிலிருந்து எடுத்தது. ரயில் இப்போது பாரத்தை இறக்கிவிட்டு ஓடுகிறது. கடைசியில் ஒலி தேய்ந்து போகும்போது காதைக் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள். எல்விஸ் ஒரு கூவல் விட்டுச் சிரிக்கிறார். இது ஒத்திகை, பதிவில் நிற்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு வந்த சிரிப்பு. சாம் அதை வெட்டவில்லை.